தோளுக்கு மேல் போன கை

மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உரிக்கிற பெண்களுக்குக் கட்டைவிரல்தான் சொத்து. காலையில் மண்டிக்குள் நுழைந்ததும் பழைய வேட்டித் துணியைக் கிழித்து அந்த விரலில் சுற்றிக்கொண்டுதான் உட்காருவார்கள். திரௌபதி மட்டும் சுற்றமாட்டாள். துணி சுற்றினால் கொட்டையின் வயிறு விரலுக்குத் தெரியாது என்பாள். நகம் கறுத்து, விரல்நுனி காய்ந்த தோலாக இறுகிப் போயிருந்தது. புதிதாக வருகிற சின்னப் பெண்களை அந்த விரலைக் காட்டித்தான் மிரட்டுவாள். கை எவ்வளவு வேகமோ அதைவிட வாய் வேகம். அவள் ஒருநாள் வராவிட்டால் கொட்டகையே துக்க வீடு மாதிரி இருக்கும் என்று கூட உரிக்கிற ராஜம்மாள் சொல்வாள்.

திருவண்ணாமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் நீளமாகத் தகரம் போட்ட கொட்டகை அது. நடுவில் தண்ணீர் தெளித்து ஊறவைத்த மல்லாட்டைக் குவியல். அதைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, விரலால் அமுக்கி, தொலியை முழங்கால் பக்கம் தள்ளி, பருப்பைக் கூடையில் போடுவார்கள். சாயங்காலம் படியால் அளந்து கூலி. அளந்து முடித்த பிறகு, நொறுங்கின பருப்பில் ஆளுக்கு இரண்டு கை அள்ளி முந்தானையில் முடிந்துகொள்ளலாம். அதற்கு மடிப்பருப்பு என்று பெயர். இன்றைய மண்டிக்காரரின் அப்பா காலத்திலிருந்து வருகிற வழக்கம். கூலி வாங்கும்போது வராத சிரிப்பு மடிப்பருப்பு அள்ளும்போது வரும். அன்று ராத்திரி அத்தனை வீட்டிலும் அம்மிச் சத்தம் கேட்கும்.

வள்ளி அந்தக் கொட்டகைக்கு வந்தது எண்பத்து நாலில். இலங்கையில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து வளர்ந்தவள். இரண்டு நாட்டு ஒப்பந்தம் என்றார்கள், கப்பலேற்றினார்கள், கடைசியில் வேங்கிக்கால் ஏரிக்கரையில் பத்துப் பன்னிரண்டு குடும்பத்தோடு ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஊர் அவர்களைச் சிலோன்காரங்க என்றது. அங்கே இருந்தவரை இந்தியாக்காரர்கள் என்றார்களாம். வள்ளி அதைச் சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள்.

அவள் இரண்டு கையாலும் உரிப்பாள். ஆளுக்கொரு கை வேலை செய்கிற இடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒரே ஒரு கோளாறு. மும்முரமாகிவிட்டால் அவள் வலது கை பருப்பைக் கூடையில் போடாமல் தோளுக்கு மேலே பின்பக்கம் எறிந்துவிடும். வந்த புதிதில் அப்படி எறிந்த பருப்பு பின்னால் உட்கார்ந்திருந்த ராஜம்மாள் நெற்றியில் பட்டு, ஏதோ பேய் கல்லெறிகிறது என்று அவள் எழுந்தே விட்டாள். வள்ளி வெட்கப்பட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். தோட்டத்தில் தலையிலிருந்து முதுகில் கூடை தொங்கும். கொழுந்தைக் கிள்ளி, கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலே எறிய வேண்டும். பாவாடை கட்டின வயதிலிருந்து எறிந்த கை. இப்போது கூடை முன்னால் இருக்கிறது என்று அந்தக் கைக்குச் சொன்னாலும் புரிவதில்லை.

கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் திரௌபதி. 'மலைக் கை' என்று பெயர் வைத்ததும் அவள்தான். அதோடு நிற்கவில்லை. வள்ளியின் பின்னால் தொலியில் விழுந்து கிடக்கிற பருப்பைச் சாயங்காலம் அளப்பதற்கு முன் தானே பொறுக்கி, “இந்தா, உன் மலை” என்று அவள் கூடையில் போடுவாள். ஒரு வருஷத்துக்கு மேல் இது தினசரி வேலையாக நடந்தது.

எண்பத்தைந்தில் ஐப்பசி மழை பொய்த்தது. செங்கம் பக்கமிருந்தும் போளூர் பக்கமிருந்தும் வருகிற லாரிகள் குறைந்தன. குவியல் சுருங்கியது; சுற்றி உட்காருகிற வட்டமும் சுருங்கியது. காலையில் வாசலில் கூட்டமாக நிற்கிற பெண்களில் யார் உள்ளே, யார் வெளியே என்று மேஸ்திரி சுப்பிரமணி விரலைக் காட்டுவான். விரல் காட்டப்படாதவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஒருநாள் அவன் கூலியைக் குறைத்துவிட்டேன் என்றான். ஊர்ப் பெண்கள் முணுமுணுத்தார்கள், முறைத்தார்கள். சிலோன் பெண்கள் பேசாமல் உள்ளே போனார்கள். அவர்களுக்குத் திரும்பிப் போவதற்கு அடுப்பெரிகிற வீடு இல்லை. மறுநாளிலிருந்து அவர்கள் விடியுமுன்பே வேங்கிக்காலிலிருந்து நடந்து வந்து வாசலில் முன்னால் நின்றார்கள்.

கூலியைக் குறைத்தது மேஸ்திரி. அந்தப் பேச்சு யார் வாயிலும் வரவில்லை. “கம்மிக் கூலிக்கு ஒத்துக்கறாளுங்க” என்ற பேச்சுதான் குழாயடியிலும் ரேஷன் கடையிலும் வந்தது. திரௌபதியையும் சில நாள் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். கம்பி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தூணை ஒட்டின நிழல் இடம் அவளுடையது, மத்தியானம் வரை வெயில் வராது. அங்கே வள்ளி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு வயிற்றில் பிடித்த தீ அணையவில்லை.

பல வருஷமாக நடக்காத நகராட்சித் தேர்தல் எண்பத்தாறு மாசியில் வந்தது. சுப்பிரமணி வார்டுக்கு நின்றான். சின்னம் குடை. பணம் கொடுத்து ஓட்டு வாங்கினான் என்று பின்னால் சிலர் சொன்னதில் உண்மையில்லை. அவன் திரௌபதிக்குக் கொடுத்தது ஒரு நாற்காலி. தெருமுனைக் கூட்டத்தில், ஆம்பளைகள் உட்காருகிற வரிசையில் ஒரு மடக்கு நாற்காலியை விரித்து, “உக்காருங்க அக்கா” என்றான். ஏண்டி, வாடி என்று கூப்பிட்ட வாயால் அக்கா என்றான். திரௌபதி பிறந்ததிலிருந்து பொது இடத்தில் அவளை யாரும் நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் புருஷன் இருசப்பன், அதே மண்டியில் மூட்டை தூக்குகிறவன், கூட்டத்தின் கடைசியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். தன் குரல் மரத்தில் கட்டின ஸ்பீக்கர் குழாயிலிருந்து தனக்கே திரும்பி வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கை பார்த்துவிடுவது என்று ஆரம்பித்தாள்.

“சிலோன்கார வள்ளி பக்கத்துல உக்காந்து பார்த்தவ நான். ஒரு கை கூடைக்குப் போவுது. இன்னொரு கை முதுகுக்குப் பின்னால போவுது. பின்னால போறதெல்லாம் எங்க போவுதுனு நீங்களே கேளுங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். கேள்வியோடு நிறுத்திக்கொண்டாள். பதிலைத் தெருவே சொன்னது. சுப்பிரமணி மைக்கை வாங்கி, தான் ஜெயித்தால் மண்டி வாசலில் மடிச் சோதனை, திருட்டுக் கை எதுவும் தாண்டாது என்றான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. திரௌபதியும் தட்டினாள். பார்த்ததைத்தானே சொன்னோம், பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். அப்படித் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே அவளுக்கு உறுத்தலாக இருந்தது.

குடை ஜெயித்தது. சிலோன்காரர்களுக்கு அந்த வார்டில் ஓட்டு கிடையாது. அவர்களைப் பற்றி எதைச் சொன்னாலும் ஒரு ஓட்டும் குறையாது என்று சுப்பிரமணிக்குத் தெரியும். சொன்னதைச் செய்தான். அடுத்த வாரமே மண்டி வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு வாட்ச்மேன் சடையனை உட்காரவைத்தான். சிலோன் பெண்களுக்கு இனி மடிப்பருப்பு இல்லை, சாயங்காலம் போகும்போது ஒவ்வொருத்தியும் மடியை அவிழ்த்து உதறிவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு.

முதல் நாள் வேடிக்கை பார்க்க எல்லாரும் நின்றார்கள். மூட்டை தூக்குகிற ஆண்கள்கூட நின்றார்கள். வள்ளி வந்தாள். சடையன் நல்லவன்தான், தரையைப் பார்த்துக்கொண்டு, “உதறும்மா” என்றான். அவள் இடுப்புச் செருகலை அவிழ்த்து உதறினாள். இரண்டு வெற்றிலையும் ஒரு ஊக்கும் விழுந்தன. முந்தானையை உதறச் சொன்னார்கள். அதிலிருந்து ஒன்றும் விழவில்லை. வள்ளி சுற்றிலும் பார்த்து, கூட்டத்தில் திரௌபதியைக் கண்டுபிடித்தாள்.

“அக்கா, நீங்கதானே தினம் பொறுக்கிப் போடுவீங்க. சொல்லுங்களேன்.”

திரௌபதி தலைமுடியை அவிழ்த்துக் கொண்டை போட ஆரம்பித்தாள். அவிழாத முடியை அவிழ்த்து, கலையாத கொண்டையைத் திரும்பப் போட்டாள். போட்டு முடிப்பதற்குள் வள்ளி குனிந்து ஊக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வெற்றிலையை எடுக்கவில்லை. மறுநாள் சிலோன் பெண்கள் ஒருத்தரும் வரவில்லை.

திரௌபதிக்குத் தினம் வேலை கிடைத்தது. தூண் நிழல் கிடைத்தது. சாயங்காலமானால் பழக்க தோஷத்தில் பக்கத்துத் தொலியைக் கிளறிப் பார்ப்பாள். அதில் ஒரு பருப்பும் இருக்காது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

பங்குனியில் ஒரு நாள் சாயங்காலம். மடிப்பருப்பு அள்ள எழுந்த பெண்களைச் சுப்பிரமணி நிறுத்தினான். அவன் இப்போது மேஸ்திரி மட்டுமில்லை, கவுன்சிலர், வெள்ளை வேட்டி. வழக்கம் நின்றுவிட்டது என்றான். நொறுங்கல் எண்ணெய் மில்லுக்குப் போகிறதாம். இன்று முதல் வாசலில் எல்லாரும் உதறிவிட்டுத்தான் போகவேண்டும். ராஜம்மாள், பேரன் எடுத்தவள், அதென்ன நியாயம் என்று கேட்டாள். அவன் கோபப்படவே இல்லை. பொறுமையாகச் சொன்னான்.

“ஒருத்தருக்கு ஒரு சட்டம், இன்னொருத்தருக்கு ஒரு சட்டம்னு இருக்க முடியுமா? சோதனை போடணும்னு கேட்டதே நீங்கதானே.”

ராஜம்மாள் வாசலில் நின்று முந்தானையை அவிழ்த்தாள். எதிரே மூட்டைகளுக்கு நடுவில் இருசப்பன் நின்றான். பார்க்காமலிருக்க ஒரு மூட்டையைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்கள் போகிறவரை எங்கும் போகாமல் அப்படியே குனிந்து நின்றான்.

தெருவில் இறங்கியதும் ஆளாளுக்குத் திட்டினார்கள். குடைக்காரன் ஏமாத்திட்டான், நம்பிக் கெட்டோம் என்று புலம்பினார்கள். திரௌபதி கொஞ்ச தூரம் கேட்டுக்கொண்டு நடந்தாள். அவளும் திட்டலாம். திட்டினால் மனசு லேசாகிவிடும், வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம். ஆனால் அவள் நின்றாள்.

“அவன் எங்க ஏமாத்துனான்? சோதனை போடுவேன்னான், போட்டான். அவ மடிதானேனு கை தட்டுனோம்.”

“மைக்குல பேசினவ நீ” என்றாள் ராஜம்மாள். “எங்களை இன்னாத்துக்கு இழுக்கற?”

“ஆமா. முதல்ல நான். அப்புறம் நீங்க.”

அதற்குப் பிறகு எல்லாரும் அவளை விட்டுவிட்டு முன்னால் நடந்தார்கள். அவள் தனியாக வந்தாள். தனியாக நடப்பது திரௌபதிக்குப் பழக்கமில்லாத காரியம்.

அமாவாசைக்கு மண்டி லீவு. திரௌபதி வேங்கிக்காலுக்கு நடந்தாள். போகிற வழியில் வெறுங்கையோடு போகக்கூடாதே என்று ஒரு கடையில் வறுத்த மல்லாட்டை வாங்கினாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் காசு கொடுத்து மல்லாட்டை வாங்குகிறோம் என்று பொட்டலம் கைக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

ஏரிக்கரை ஓரத்தில் ரோட்டுக்கு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். வள்ளி ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து, கல்லைப் பாத விரல்களுக்கு நடுவே நிறுத்திச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். விரல்களில் டயர் ட்யூபை வெட்டி மாட்டியிருந்தாள். ஒரு கை வேலை இது. இன்னொரு கைக்குக் கல்லை எடுத்து வைப்பதைத் தவிர வேறு வேலையில்லை. திரௌபதி வந்து நின்றதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு அடுத்த கல்லை எடுத்தாள்.

திரௌபதி வெயிலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மண்டியில் நடந்ததைச் சொன்னாள், தங்களுக்கும் சோதனை வந்துவிட்டதைச் சொன்னாள். வள்ளி கல்லைத் தட்டிக்கொண்டேயிருந்தாள். கடைசியில், தெரிந்தேதான் சொன்னேன், தப்பு என்மேல்தான் என்றாள். பொட்டலத்தை நீட்டினாள்.

வள்ளி சுத்தியலைக் கீழே வைத்தாள். பொட்டலத்தை வாங்கவில்லை.

“இங்க கல்லுக்குக் கேக்கற மாதிரி சொல்றீங்க. மைக்குல சொன்னீங்களாமே, வேங்கிக்கால் வரைக்கும் கேட்டுச்சு. இதையும் மைக்குலயே சொல்லுங்க.”

அக்கா என்று அவள் சொல்லவில்லை. திரௌபதி அதைக் கவனித்தாள். பொட்டலத்தைக் கல் குவியல்மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

அதற்கு வாய்ப்பு சித்திரையிலேயே வந்தது. தெருவுக்குப் புதுக் குழாய் போட்டார்கள். கவுன்சிலருக்குப் பாராட்டு விழா. சுப்பிரமணி தானே வந்து கூப்பிட்டான். அன்றைக்கு மாதிரி இரண்டு வார்த்தை பேசவேண்டும், அக்கா பேசினால்தான் கூட்டம் கேட்கும் என்றான். திரௌபதி சரி என்றாள்.

வீட்டுக்கு வந்து இருசப்பனிடம் சொன்னாள். தான் என்ன பேசப்போகிறேன் என்பதையும், நாளைக்கே இரண்டு பேர் வேலையும் போய்விடும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். அவன் பீடியைப் பற்றவைத்தான். அவன் அதிகம் பேசாதவன். அவள் பேச்சே வீட்டுக்குப் போதும் என்று விட்டுவிட்டவன்.

“அன்னிக்குப் பேசறப்ப என்னைக் கேட்டியா? இன்னிக்கு இன்னாத்துக்குக் கேக்கற?” என்றான். பீடி பாதி ஆனதும் மறுபடி வாயைத் திறந்தான். “பாதியில நிறுத்திடுவானுங்க. மைக்கு செட்டு எங்க வைக்கறாங்கனு பார்த்துக்கறேன்.”

விழா சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே. அண்ணாமலை மலை தெருவின் முனையில் செம்மண் நிறமாக நின்றது. குழாய்க்கு மாலை போட்டிருந்தார்கள். நாற்காலி வரிசையில் திரௌபதிக்கும் ஒன்று. அவள் உட்காரவில்லை. அவளைக் கூப்பிட்டதும் போய் மைக்கைப் பிடித்தாள். எதிரே மண்டிப் பெண்கள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வேப்பமரத்தடியில் மைக் செட். அதை இயக்குகிறவன் பக்கத்தில் இருசப்பன், கையைக் கட்டிக்கொண்டு, மூட்டை தூக்கித் திரண்ட தோளோடு, பொத்தானுக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் நின்றான்.

“மாசியில இதே எடத்துல ஒண்ணு சொன்னேன். சிலோன்கார வள்ளி கை பின்னால போவுதுனு சொன்னேன். போறது நெசம். அது திருட்டுக் கை இல்ல. தேயிலை பறிச்சு முதுகுக் கூடையில போட்ட பழக்கம். அந்தப் பருப்பை நானே தினம் பொறுக்கி அவ கூடையில போட்டிருக்கேன். தெரிஞ்சேதான் சொன்னேன். என் எடத்துல அவ உக்காந்தானு வயித்தெரிச்சல்.”

சுப்பிரமணி சிரித்த முகம் மாறாமல் மரத்தடிக்குச் சைகை காட்டினான். மைக் செட்காரன் கையை நீட்டினான். இருசப்பன் அந்தக் கையை நட்பாகப் பிடித்துக் குலுக்குகிற மாதிரி பிடித்துக்கொண்டான், விடவில்லை.

“மேஸ்திரியைத் திட்டறீங்க. அவரைத் திட்டாதீங்க. கூலியைக் கொறைச்சது யாருனு அன்னிக்கு நாம கேக்கல, கேட்டா நமக்கு வேலை போவும்னு பயம். ஓட்டு இல்லாதவமேல கோவத்தைக் காட்டுனோம். அந்தக் கோவத்துக்கு ஒரு ஆளைத் தேடுனோம், இவரு கெடைச்சாரு. அவ மடியை அவுத்தப்ப நின்னு பார்த்தோம். இப்ப நம்ம மடி. இது நாம போட்ட ஓட்டுதான்.”

பேசி முடித்து மைக்கை அதன் கம்பியில் மாட்டினாள். யாரும் கை தட்டவில்லை. மண்டிப் பெண்களில் பாதிப்பேர் தரையைப் பார்த்தார்கள். ராஜம்மாள் மட்டும் அவளை நிமிர்ந்து பார்த்தாள், திட்டுகிற பார்வையா வேறா என்று சொல்ல முடியாத பார்வை. சுப்பிரமணி கெட்டிக்காரன். மைக்கை எடுத்து, அக்காவுக்கு வெள்ளை மனசு, அதனால்தான் எல்லாரையும் நல்லவர்கள் என்று நம்பிவிடுகிறார் என்று சொல்லிச் சிரித்து, குழாயைத் திறந்தான். தண்ணீர் வந்தது. கைதட்டல் அதற்குக் கிடைத்தது.

மறுநாள் காலை மண்டி வாசலில் அவன் விரல் எல்லார்மேலும் போயிற்று, திரௌபதியைத் தாண்டிப் போயிற்று. இருசப்பனுக்கு மூட்டை இல்லை என்றார்கள். அவன் மூட்டைக் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தான். லாரி ஷெட்டில் எப்போதாவது சுமை கிடைக்கும். திரௌபதி போகவில்லை. தினம் வந்தாள், வாசலில் நின்றாள், விரல் தன்னைத் தாண்டுகிறவரை நின்றுவிட்டுப் போனாள். வேண்டாம் என்பதை அவன் தினமும் அவள் முகத்துக்கு நேரே செய்யட்டும் என்று நினைத்தாள்.

ஒருநாள் சாயங்காலம் அந்தப் பக்கமாக வந்தபோது வாசலில் சோதனை நடந்துகொண்டிருந்தது. ராஜம்மாள் முறை. அவள் முந்தானையை அவிழ்த்துச் சடையன் முகத்துக்கு நேரே உதறி, “இந்தா பாரு சடையா, என் ஓட்டு” என்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் அதையே சொல்லி உதறினாள். அதற்குப் பின்னால் வந்தவளும். சடையன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். வெளியே வந்த ராஜம்மாள் திரௌபதியைப் பார்த்ததும் அவளோடு சேர்ந்து நடந்தாள். இரண்டு பேரும் குழாயடி வரை ஒன்றாகவே போனார்கள்.

வைகாசி கடைசியில் விதை மல்லாட்டை வந்தது. ஆடிப் பட்டத்துக்கு விதைக்கிற பருப்பு. மேலே உள்ள சிவப்புத் தோல் கீறாமல் உரிக்க வேண்டும், கீறினால் முளைக்காது. மண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு, அந்த இரண்டு கைக்காரி எங்கே என்று கேட்டார். சுப்பிரமணி வேங்கிக்காலுக்கு ஆள் அனுப்பினான். பழசை மறந்து அந்தச் சனங்களுக்கும் வேலை கொடுக்கிறேன் என்று தெருவில் சொல்லிக்கொண்டான். கூலியில் மாற்றமில்லை. சோதனையிலும் மாற்றமில்லை.

சிலோன் பெண்கள் வந்த காலையில் திரௌபதி வழக்கம்போல வாசலில் நின்றாள். சுப்பிரமணியின் விரல் வள்ளியைக் காட்டியது. வள்ளி உள்ளே போகவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரௌபதி பக்கம் வந்தாள். அவள் கை விரல்களில் கல் வெட்டின காயங்கள் இன்னும் ஆறவில்லை.

“உங்க எடத்தைத்தான் காட்டுவாங்க” என்றாள்.

“உக்காரு. மத்தியானம் வரைக்கும் அங்க வெயில் வராது.”

வள்ளி கொஞ்சம் நின்றாள். “வரேன் அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரௌபதி கம்பி ஜன்னல் அருகே போனாள். கொட்டகைக்குள் ஈரமண் வாசனை. வள்ளி தூண் நிழலில் உட்கார்ந்து, கூடையை முன்னால் இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு இரண்டு கையும் வேகம் பிடித்தன. பார்க்க அழகாக இருந்தது. மும்முரம் ஏற ஏற, திரௌபதி தன்னை அறியாமல் காத்திருந்தாள். வலது கை நிறைந்தது. கூடையை விட்டு மேலே எழும்பி, தோளை நோக்கிப் போயிற்று.

காதுவரை போய் நின்றது. வள்ளி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சடையனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையைக் கீழே கொண்டுவந்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி விரித்துக் காட்டி, பருப்பை ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டாள்.